தொலைபேசிக் கணக்கு உங்கள் பெயரில், அவசர பட்டன் என் அம்மாவின் கழுத்தில்

லண்டனில் வீடுகளை வாடகைக்கு விடும் தமிழ் வீட்டுக்காரர்களுக்கும், அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்டுகளுக்கும்,

ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட், ரூட்டிங், குரோய்டன் என்று எங்கள் ஆட்கள் செறிந்து வாழும் இடங்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தமிழர்களின் வீடுகளில்தான் வாடகைக்கு இருக்கின்றன. நானும் அப்படித்தான். வீடு எடுக்கும்போது, "போன், பிராட்பேண்ட், அலாரம் எல்லாம் வாடகையோடு சேர்த்து, நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம்" என்றார்கள். அந்த ஏற்பாட்டில்தான் என் அம்மா ஒரு பிற்பகல் முழுக்கக் குளியலறைத் தரையில் கிடந்தார். கழுத்தில் இருந்த பட்டனை அவர் திரும்பத் திரும்ப அழுத்தியும் யாருக்கும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் தனியே இருப்பதால், கவுன்சில் மூலம் ஒரு அவசர அலாரம் எடுத்துக் கொடுத்தோம். கழுத்தில் தொங்கும் ஒரு பட்டன், படுக்கையறையில் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் பெட்டி தொலைபேசி இணைப்பு வழியாகக் கண்காணிப்பு நிலையத்தை அழைக்கும். அங்கே இருப்பவர் பெட்டியில் உள்ள ஒலிபெருக்கியில் கதைப்பார். பதில் வராவிட்டால் எனக்கோ ஆம்புலன்சுக்கோ அடிப்பார். பிரிட்டனில் சுமார் 18 இலட்சம் பேர் இப்படியான அலாரத்தை நம்பி இருக்கிறார்கள். நம் வீடுகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பகலில் பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட, ஆங்கிலம் அதிகம் பேசாத ஒரு அம்மாவோ அப்பாவோ தனியே இருக்கும் வீடு உங்களில் பலருடைய வாடகை வீடுதான்.

உங்களில் சிலருக்கு இது தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டின் பழைய செப்புக் கம்பித் தொலைபேசி வலையமைப்பை மூடுகிறார்கள். முதலில் 2025 டிசம்பரில் மூடுவதாக இருந்தது. பிறகு 2027 ஜனவரி 31 வரை தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டதற்கு ஒரு முக்கிய காரணம் இந்த அவசர அலாரங்கள்தான். இணைப்பை மாற்றிய சில வீடுகளில் அலாரம் வேலை செய்யாமல் பாரதூரமான சம்பவங்கள் நடந்ததால், 2023 டிசம்பரில் அரசாங்கம் பெரிய தொலைபேசி நிறுவனங்களை அழைத்து ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியது. அலாரம் பாவிக்கும் ஒருவருடைய இணைப்பை, அந்த அலாரம் புதிய இணைப்பில் வேலை செய்யும் என்று உறுதி செய்யாமல் கட்டாயமாக மாற்ற மாட்டோம் என்பது அதன் சாரம்.

பழைய கம்பியில் குரல் மட்டுமல்ல, மின்சாரமும் வந்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட 50 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பியிலேயே வந்துகொண்டிருந்தது. அதனால்தான் வீட்டில் கரண்ட் போனாலும் பழைய தொலைபேசி வேலை செய்தது. புதிய முறையில் குரல் இணையம் வழியாகப் போகிறது. தொலைபேசியைச் சுவரில் உள்ள சொக்கெட்டில் செருக முடியாது, ரவுட்டரின் பின்புறத்தில் செருக வேண்டும். மாற்றம் நடந்த நாளிலிருந்து வீட்டின் மற்ற அறைகளில் உள்ள தொலைபேசிச் சொக்கெட்டுகள் எல்லாம் வெறும் ஓட்டைகள். அங்கே செருகியிருந்த அலாரப் பெட்டியும் அன்றோடு ஊமையாகிவிடும். ரவுட்டருக்கு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் ரவுட்டர் நிற்கும், தொலைபேசியும் நிற்கும். அலாரப் பெட்டிக்குள் பற்றரி இருக்கிறது, அது உயிரோடுதான் இருக்கும். ஆனால் அழைப்புப் போக வழி இருக்காது.

ஆகவே மாற்றத்துக்கு முன் நிறுவனம் ஒரு கேள்வி கேட்கிறது: இந்த வீட்டில் யாராவது அவசர அலாரம் பாவிக்கிறார்களா? இந்தக் கேள்வி அந்த வீட்டில் வசிப்பவருக்கு வருவதில்லை. கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வருகிறது. எங்கள் வீட்டில் அது வீட்டுக்காரருக்குப் போனது.

அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. பிறகு நான் கேட்டபோது, "ஓம் தங்கச்சி, என்னவோ ஈமெயில் வந்தது, விளம்பரமெண்டு நினைச்சன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். ஐந்தாறு வீடுகளுக்குக் கணக்கு வைத்திருப்பவருக்கு நாளுக்கு எத்தனை ஈமெயில் வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஈமெயிலுக்குச் சரியான பதில் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். அது என் கைக்கு வரவே இல்லை. பதில் இல்லாததை 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்று எடுத்துக்கொண்டார்களா, அல்லது அவர் ஏதோ ஒரு பக்கத்தில் சரி என்று அழுத்திவிட்டாரா என்பது இன்றுவரை எனக்குச் சொல்லப்படவில்லை. ஒரு நாள் காலையில் இணையம் வழக்கம்போல ஓடியது, தொலைபேசி மட்டும் நின்றுபோனது. அம்மாவின் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அன்றைக்கே தொலைபேசி நிறுவனத்துக்கு அடித்தேன். "நீங்கள் கணக்குக்கு உரியவர் இல்லை, உங்களோடு இதைப் பற்றிக் கதைக்க முடியாது" என்றார்கள். அவர்களுடைய தரவுப் பாதுகாப்பு விதி அது. என் அம்மாவின் உயிரைப் பற்றிய விஷயம் என்று சொல்லியும் அந்த விதி தளரவில்லை. அலாரம் தரும் பகுதியைக் கேட்டேன். சிம் உள்ள புதிய பெட்டிக்குப் பெயர் பதிந்தார்கள், ஆனால் அதற்கு வரிசை இருந்தது. அதுவரை பழைய பெட்டியை ரவுட்டரில் செருகலாமா என்று கேட்டால், முன் அறையில் உள்ள ரவுட்டருக்கும் பின் அறையில் உள்ள பெட்டிக்கும் இடையில் அடாப்டர் வேண்டும், அதைத் தொலைபேசி நிறுவனம்தான் தர வேண்டும், கணக்குக்கு உரியவர்தான் கேட்க வேண்டும் என்றார்கள். அப்படிச் செருகினாலும் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம் என்று எச்சரித்தார்கள். பழைய பெட்டிகள் தொனிகள் மூலம் பேசுகின்றன. இணைய வழியில் போகும்போது அந்தத் தொனிகள் சிலவேளை சிதைந்துவிடும்.

ஏஜென்டுக்கு எழுதினேன். வீட்டுக்காரரிடம் சொல்கிறோம் என்றார்கள். அவர் ஊருக்குப் போயிருந்தார். வட்ஸ்அப்பில் கேட்டபோது, "இப்ப எல்லாரிட்டயும் மொபைல் இருக்குத்தானே, லாண்ட்லைன் எதுக்கு?" என்று பதில் வந்தது. எங்கள் வீட்டின் பின் அறையில் மொபைல் சிக்னல் பிடிப்பதே பெரிய பாடு. பிடித்தாலும், விழுந்து கிடக்கும் எண்பது வயதுப் பெண் மேசையில் இருக்கும் மொபைலை எப்படி எடுப்பார்? சரி, நானே சொந்தமாக ஒரு இணைப்பு எடுக்கிறேன், அனுமதி தாருங்கள் என்று கேட்டேன். எழுத்து மூல அனுமதி இல்லாமல் புதிய இணைப்பு எடுக்கக் கூடாது, சுவரில் துளையிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதென்று ஏஜென்ட் நினைவூட்டினார். அனுமதி தருகிறார்களா இல்லையா என்ற பதில் மட்டும் வரவில்லை.

இப்படி வாரக்கணக்கில் இழுபட்ட நேரத்தில்தான் அம்மா விழுந்தார். இடுப்பு உடையவில்லை. குளிரில் நெடுநேரம் கிடந்ததால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். இப்போது நடக்கிறார், ஆனால் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் குளிக்கப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்ததும் பழங்கள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார், உண்மையாகவே வருந்தினார். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு இன்னும் அவருடைய பெயரில்தான் இருக்கிறது. எனக்கு அதில் கதைக்கும் உரிமையும் இன்னும் தரப்படவில்லை. இந்த மடலை வெளியில் எழுத வைத்தது அதுதான்.

ஒரு தனிப்பட்ட வீட்டுக்காரருடைய அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் கோயிலில், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில், சங்கக் கூட்டங்களில் நான் விசாரித்த அளவில், இதே ஏற்பாடுதான் பரவலாக இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் அடிக்கடி மாறுவார்கள், ஒவ்வொரு முறையும் இணைப்பைத் துண்டித்துத் திரும்ப எடுப்பது தலைவலி, ஆகவே கணக்கை நாங்களே வைத்திருக்கிறோம் என்று நீங்கள் சொல்வீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு, இங்கே கடன் வரலாறு இல்லாதவருக்கு, அது பெரிய உதவி என்பதும் உண்மை. நானே வந்த புதிதில் அப்படி உதவி பெற்றவள். ஆனால் கணக்கை வைத்திருக்கும்போது அதோடு வரும் பொறுப்பும் உங்களிடம்தான் வந்து சேர்கிறது. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்று நிறுவனத்துக்குச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். சொல்லாவிட்டால் அப்படி ஒருவர் அங்கே இல்லை என்றுதான் எல்லாரும் நடந்துகொள்வார்கள்.

கரண்ட் போகும் நேரத்தையும் யோசியுங்கள். வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பி இருப்பவர்கள் மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர சேவையை அழைக்க நிறுவனங்கள் வழி செய்து கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்கொம் 2018 இலேயே வழிகாட்டல் கொடுத்திருக்கிறது. ஆபத்தில் இருக்கக்கூடிய வாடிக்கையாளருக்கு அதற்கான பற்றரிக் கருவியை நிறுவனம் இலவசமாகத் தர வேண்டும். இதுவும் கணக்குக்கு உரியவர் கேட்டால்தான் நடக்கிறது. வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டில் மொபைலும் நல்ல சிக்னலும் வைத்திருக்கிறார், ஆகவே நிறுவனத்தின் பார்வையில் அவர் ஆபத்தில் இருப்பவர் அல்ல. உண்மையில் ஆபத்தில் இருப்பவருடைய பெயர் அவர்களுடைய பதிவில் எங்கேயும் இல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசாங்க உதவிப் பணம் பெறுபவர்களுக்குப் பல நிறுவனங்கள் குறைந்த கட்டணத்தில் பிராட்பேண்டும் தொலைபேசியும் தருகின்றன. பென்ஷன் கிரெடிட் எடுக்கும் ஒரு வயோதிபருக்கு அது கிடைக்கும். ஆனால் கணக்கு அவர் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் கணக்கு இருக்கும்வரை அந்தச் சலுகை அவருக்குக் கிடைக்க வழியே இல்லை. சிலர் இணையத்துக்கென்று மாதாமாதம் தனியாக ஒரு தொகை வாங்குகிறீர்கள், பில்லைக் காட்டுவதில்லை. இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள வாடகையாளர் கட்டணச் சட்டத்தின்படி, தொலைபேசிக்கும் இணையத்துக்கும் நீங்கள் நியாயமாகச் செலவழித்ததைத்தான் வாங்கலாம். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு பவுணும் தடை செய்யப்பட்ட கொடுப்பனவு. ஒரே இணைப்பை மூன்று அறைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, மூன்று பேரிடமும் முழுத் தொகை வாங்குவது நடக்கிறது. அது நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

அடுத்து, வீட்டில் உள்ள மற்ற அலாரங்கள். எங்கள் வீட்டின் முன்சுவரில் ஒரு திருட்டு அலாரப் பெட்டி இருக்கிறது. வீடு எடுத்தபோது அதன் குறியீட்டு எண்ணை யாரும் தரவில்லை. முன்பு இருந்தவரிடம் இருக்கும் என்றார்கள். யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்குத் தெரிந்த எண்ணில் என் வீட்டின் காவல் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இதில் உங்கள் நலனும் இருக்கிறது. அப்படியான பெட்டிகளில் பல, திருட்டு நடந்தால் பழைய தொலைபேசி இணைப்பு வழியாகத்தான் கண்காணிப்பு நிலையத்தை அழைக்கின்றன. இணைப்பு மாறிய பிறகு அது வேலை செய்கிறதா என்று நீங்கள் பார்த்தீர்களா? கண்காணிக்கப்படும் அலாரம் இருக்கிறது என்று சொல்லி வீட்டுக் காப்புறுதி எடுத்திருந்தால், காப்புறுதி நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாடிக் கட்டடம் வைத்திருப்பவர்கள் லிஃப்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசியையும் பார்க்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் இதே பழைய கம்பியில்தான் இருக்கும்.

ஸ்மோக் அலாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் தாளிக்கிறோம், செத்தல் மிளகாய் வறுக்கிறோம். சமையலறை வாசலில் இருக்கும் ஸ்மோக் அலாரம் ஒவ்வொரு நாளும் கத்துகிறது. இதைச் சொன்னபோது எங்களுக்குக் கிடைத்த ஆலோசனை, "சமைக்கேக்க பற்றரியைக் கழட்டி வையுங்கோ" என்பது. கழற்றிய பற்றரியைப் பல வீடுகளில் யாரும் திரும்பப் போடுவதில்லை. சமையலறைக்குள் வெப்பத்தை உணரும் அலாரம் வைக்கலாம், புகையை உணரும் அலாரத்தைக் கொஞ்சம் தள்ளி நடையிலோ படிக்கட்டு அருகிலோ வைக்கலாம். கடையில் வாங்கினால் பெரிய விலையும் இல்லை. சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2015 இல் வந்து 2022 அக்டோபர் 1 முதல் விரிவாக்கப்பட்ட விதிகளின்படி, இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் ஒவ்வொரு மாடியிலும் குறைந்தது ஒரு ஸ்மோக் அலாரம் இருக்க வேண்டும். பொயிலர் போன்ற எரிபொருள் எரியும் நிலையான கருவி உள்ள ஒவ்வொரு அறையிலும் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்க வேண்டும். காஸ் அடுப்பு மட்டும் விதிவிலக்கு. வாடகை தொடங்கும் நாளில் இவை வேலை செய்கின்றனவா என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழுது என்று நாங்கள் சொன்னால் திருத்தவோ மாற்றவோ வேண்டும். செய்யாவிட்டால் கவுன்சில் 5,000 பவுண் வரை அபராதம் போடலாம். எங்கள் வீட்டில் பொயிலர் இருக்கும் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வட்ட அலாரம் ஒட்டியிருந்தது. அதன் பின்னால் அச்சிட்டிருந்த மாற்ற வேண்டிய திகதி எப்போதோ கடந்திருந்தது. அதை அழுத்திப் பார்த்தபோது சத்தமே வரவில்லை.

புதிய ஃபைபர் இணைப்புக்கு அனுமதி தர மறுப்பவர்களும் பதிலே சொல்லாதவர்களும் உங்களுக்குள் இருக்கிறார்கள். சுவரில் ஒரு விரல் அகலத் துளை விழும் என்ற கவலை புரிகிறது. ஆனால் செப்புக் கம்பிச் சேவை எப்படியும் போகப் போகிறது. இன்று ஒரு வாடகையாளர் தானே முன்வந்து கேட்கும்போது மறுத்தால், நாளை அதே துளைக்கு நீங்களே ஆள் கூப்பிட வேண்டி வரும். அடுக்குமாடிகளில் வசிப்பவர் இணைப்புக் கேட்டும் கட்டட உரிமையாளர் பதில் சொல்லாமல் இருந்தால், தொலைபேசி நிறுவனம் தீர்ப்பாயத்துக்குப் போய் அனுமதி பெறலாம் என்று 2021 இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பதில் சொல்லாத உரிமையாளர்கள் அவ்வளவு பேர் இருந்ததால்தான் அது தேவைப்பட்டது.

இதையெல்லாம் ஏன் முன்பே கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பயம்தான் காரணம். கேள்வி கேட்டால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் இல்லாத வாடகைக் குடும்பத்தை நான் இங்கே பார்த்ததில்லை. பிள்ளையின் பள்ளி, வேலைக்குப் போகும் பஸ், அம்மாவின் டொக்டர் எல்லாம் அந்த விலாசத்தோடு கட்டப்பட்டிருக்கும்போது, ஒரு சொக்கெட்டுக்காக யார் சண்டை பிடிப்பார்கள்? எங்கள் ஆட்களிடம் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்காரர் ஊரவர், தூரத்து உறவு, கோயில் தர்மகர்த்தா. அவருக்கு எதிராகக் கவுன்சிலில் முறையிடுவது குடும்பத்துக்குள் வழக்குப் போடுவதுபோல் ஆகிவிடுகிறது. நீங்களும் அந்த உறவைச் சொல்லித்தான் எழுத்தில் எதுவும் தராமல் இருக்கிறீர்கள். புதிய வாடகையாளர் உரிமைச் சட்டத்தின்படி 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் வாடகையாளரை வெளியேற்றும் அறிவித்தல் கொடுக்க முடியாது. அந்தச் சட்டம் எங்களுக்குக் கொஞ்சம் துணிவு தருகிறது. ஆனால் நான் இதைச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த எழுதவில்லை. கவுன்சிலுக்குப் போகாமலே தீர்க்கக்கூடிய விஷயங்கள் இவை. பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில், ஒரு ஈமெயிலில் முடியக்கூடியவை.

ஆகவே கேட்கிறேன்.

உங்கள் பெயரில் எந்த வீட்டுத் தொலைபேசிக் கணக்கு இருந்தாலும், இந்த மாதத்துக்குள் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், தமிழிலேயே அனுப்புங்கள். வீட்டில் யாராவது அவசர பட்டன் பாவிக்கிறார்களா, தொலைபேசி இணைப்போடு தொடுத்த வேறு மருத்துவக் கருவி இருக்கிறதா, உள்ளே மொபைல் சிக்னல் கிடைக்காமல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் அன்றைக்கே தொலைபேசி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், மின்வெட்டுக்கான பற்றரியையும் தேவைப்பட்டால் அடாப்டரையும் அவர்களுக்காகக் கேட்டு வாங்குங்கள். 2027 ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் நிறுவனம் அதற்கு முன்பே எந்த நாளும் மாற்றக்கூடும்.

வாடகைக்கு இருப்பவர் விரும்பினால் கணக்கை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். அது முடியாதென்றால், உங்கள் கணக்கில் கதைக்க அனுமதி உள்ளவராக அவருடைய பெயரைச் சேர்த்துவிடுங்கள். கணக்கு உங்களிடமே இருந்தாலும் இதைச் செய்ய முடியும். தொலைபேசி நிறுவனத்திடமிருந்து அந்த வீட்டைப் பற்றி வரும் எந்தக் கடிதத்தையும், எந்த ஈமெயிலையும், விளம்பரம்போல் தெரிந்தாலும், வந்த அன்றே அங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

சொந்த இணைப்போ ஃபைபரோ கேட்பவருக்கு இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுதுங்கள். இணையத்துக்கென்று பணம் வாங்கினால் பில்லின் பிரதியைக் கொடுங்கள்.

ஒவ்வொரு மாடியிலும் ஸ்மோக் அலாரத்தையும், பொயிலர் அறையில் காபன் மொனொக்சைட் அலாரத்தையும் நேரில் வந்து அழுத்திப் பாருங்கள். திகதி முடிந்ததை மாற்றுங்கள். பற்றரியைக் கழற்றச் சொல்லும் ஆலோசனையை இனி யாருக்கும் சொல்லாதீர்கள், சமையலறைக்கு வெப்ப அலாரம் வாங்கிப் பூட்டுங்கள். திருட்டு அலாரம் இருந்தால் வாடகையாளர் மாறும்போது எண்ணையும் மாற்றிக் கொடுங்கள், வேலை செய்யாத பெட்டியை இறக்கிவிடுங்கள்.

ஏஜென்டுகளிடம் தனியாக ஒன்று. வீட்டுச் சாவி கொடுக்கும் அன்று சுவரில் உள்ள கீறல், கம்பளத்தில் உள்ள கறை எல்லாவற்றையும் படம் பிடித்துப் பதிகிறீர்கள். அதே தாளில் தொலைபேசிக் கணக்கு யார் பெயரில், ரவுட்டர் எந்த அறையில், எந்தச் சொக்கெட் வேலை செய்கிறது, ஒவ்வொரு அலாரத்தின் காலாவதித் திகதி என்ன, அவசரத்தில் யாருக்கு அடிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். வீட்டுக்காரர் நாட்டில் இல்லாத நேரத்தில் முடிவெடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதையும் அதில் எழுதுங்கள். "அவரிடம் சொல்கிறோம்" என்பது போதாது.

நான் இருக்கும் வீட்டின் உரிமையாளருக்கும் சொல்கிறேன், அண்ணை. உங்கள் பெயரையோ வீட்டின் விலாசத்தையோ நான் இங்கே எழுதவில்லை, எழுதப் போவதுமில்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன்பு தொலைபேசி நிறுவனத்துக்கு அடித்து என் பெயரைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அம்மாவின் அலாரத்தைப் பற்றிப் பதியச் சொல்லி, பற்றரியை எங்கள் விலாசத்துக்கு அனுப்பக் கேளுங்கள். நான் கேட்ட புதிய இணைப்புக்கு ஆம் அல்லது இல்லை என்று ஈமெயிலில் பதில் தாருங்கள், பொயிலர் பக்கத்தில் இருக்கும் அலாரத்தை மாற்ற ஆள் எப்போது வருவார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

வடமேற்கு லண்டனில் வாடகைக்கு இருக்கும் ஒரு மகள்